கணினிப் பகுதி: "அப்படியொரு மாட்யூல் இல்லை"



நம் சங்க நூலகத்தின் நூற்பட்டியலைப் பைதான் மொழியில், ஜாங்கோ என்னும் சட்டகத்தின் துணைகொண்டு நாமே அமைத்துக்கொள்வது எவ்வாறு என்று சென்ற இதழில் எழுதத் தொடங்கினோம். இதழ் கைக்கு வந்த மறுவாரமே கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் வரலாயின. ஏறத்தாழ அனைத்தும் ஒரே வரியைப் பற்றியனவே. "மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்: நோ மாட்யூல் நேம்ட் ஜாங்கோ" என்பது அவ்வரி. ஜாங்கோ என்னும் பெயருடைய மாட்யூல் எதுவும் இல்லை என்பது அதன் பொருள். "நிறுவிய பின்னும் இல்லை என்கிறதே, இது என்ன நியாயம்?" என்று ஓர் அம்மையார் சினந்து எழுதியுள்ளார். அவர் சினம் நியாயமானதே.

அக்கடிதங்களுள் ஒன்றை இங்குக் கூறியாக வேண்டும். நம் உறுப்பினர் ஒருவருடைய மகன் பட்டயப் படிப்பின் இறுதியாண்டில் பயில்கிறான். கல்லூரியில் ஒப்படைக்க வேண்டிய செயல்திட்டத்துக்கு 12 நாட்களே எஞ்சியிருந்தன. மூன்று இரவுகள் முயன்றும் இவ்வொரு வரியைத் தாண்ட இயலாமல், "அப்பா, இந்தப் படிப்பு எனக்கு வராது" என்று கூறிப் புத்தகத்தை மூடிவிட்டானாம். பணம் செலுத்திச் சேர்ந்த பயிற்சி நிலையத்தில் வினவியபோது, கணினியில் உள்ள அனைத்தையும் அழித்துவிட்டு விண்டோஸை மீண்டும் நிறுவுமாறு கூறியிருக்கின்றனர். அந்தக் கணினியிலோ, சென்ற ஆண்டு ஊரில் காலமான தம் தாயாரின் குரல் பதிவுகளை அந்த உறுப்பினர் சேர்த்து வைத்திருக்கிறார். வேறெங்கும் அவற்றுக்குப் படி இல்லை. "அழிக்கலாமா?" என்று ஒரே சொல்லில் கேட்டிருந்தார்.

அழிக்க வேண்டா என்று அன்றே தொலைபேசியில் கூறினேன். இந்தப் பிழைக்காக எவரும் எதையும் அழிக்க வேண்டுவதில்லை. எனினும், பிழையோடு தொடர்பில்லாத காரணத்துக்காகவேனும், அப்பதிவுகளுக்கு இன்றே ஒரு படி எடுத்துத் தனியே வைக்குமாறும் கேட்டுக்கொண்டேன். அவருக்குச் சொன்னவற்றையும், வேறு சிலவற்றையும் அனைவருக்கும் பயன்படும்படி இங்கு விரித்து எழுதுகிறேன். ஆணைகளைத் தமிழ் எழுத்தில் தந்துள்ளேன். அன்பர்கள் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்துகொள்வார்களாக.

நம் பிள்ளைகளுக்கு இதில் தனியானதோர் இடர்ப்பாடு உண்டு. பிழைச்செய்தி ஆங்கிலத்தில் வருகிறது. அதனை விளக்கும் காணொளி இந்தியில் ஓடுகிறது. கலக்கம் மட்டும் தமிழில் நிகழ்கிறது. ஆகலின் செய்தியைப் படிப்பதற்கு முன்பே அஞ்சிவிடுகின்றனர். திரையில் 20 வரிகள் வந்து விழுந்தாலும், முதலில் படிக்க வேண்டியது கடைசி வரியை. பைதான் தன் பிழையறிக்கையில் நடந்தவற்றை வரிசையாக எழுதி, இறுதியில் எது தடுத்தது என்பதைக் கூறுகிறது. கடைசி வரிக்குச் சற்று மேலே, எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் தடை நேர்ந்தது என்பதும் இருக்கும். இவ்விரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் பாதிக் கலக்கம் தீர்ந்துவிடும்.

இனி அந்த "இல்லை" என்ற சொல்லுக்கு வருவோம். "இம்போர்ட் ஜாங்கோ" என்று நாம் எழுதும்போது, ஜாங்கோவைத் தேடிக் கொணர்க என்று பைதானுக்கு ஆணையிடுகிறோம். அது கணினி முழுவதையும் தேடுவதில்லை. தேட வேண்டிய இடங்களின் பட்டியல் ஒன்று அதனிடம் உண்டு, "சிஸ்.பாத்" என்பது அப்பட்டியலின் பெயர். முதலில் நாம் இயக்கும் கோப்பு இருக்கும் கோப்புறை, பின்னர்ப் பைதானுடனேயே வரும் நூலகங்கள், அதன்பின் "சைட்-பேக்கேஜஸ்" என்னும் கோப்புறை. நாம் வெளியிலிருந்து வருவித்து நிறுவும் ஜாங்கோ போன்றவை தங்குமிடம் இந்த மூன்றாவதே. இவ்விடங்களில் காணாவிடில் பைதான் தேடலை நிறுத்திவிடும். பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தா தம் பதிவேட்டைப் புரட்டிவிட்டு "வரவில்லை" என்று சொன்னால், அப்பொட்டலம் உலகிலேயே இல்லை என்பது பொருளன்று. அந்தப் பதிவேட்டில் இல்லை என்பதே பொருள். பைதானின் "இல்லை"யும் அத்தகையதே.

அவ்வாறாயின், நிறுவிய பொருள் எங்கே போயிற்று? பெரும்பாலான வீடுகளில் விடை இதுதான்: ஒரே கணினியில் இரண்டு பைதான்கள் குடியிருக்கின்றன. நாமே இறக்கி நிறுவியது ஒன்று. வேறொரு மென்பொருளுடன் சேர்ந்து வந்தது மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் "சைட்-பேக்கேஜஸ்" உண்டு. "பிப்" என்பது சரக்கு வருவிக்கும் கருவி. அது ஒரு பைதானுக்கு உரியதாகவும், நாம் இயக்குவது மற்றொரு பைதானாகவும் இருந்துவிட்டால், ஒன்றன் வீட்டில் இறங்கிய சரக்கு மற்றொன்றன் கண்ணுக்குப் புலப்படாது. வடக்கிலிருந்து ஊருக்குச் செல்லும் நம்மவர்க்கு இது எளிதில் விளங்கும். நாம் வந்து இறங்குவது பெரும்பாலும் சென்னை சென்ட்ரலில். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் செல்லும் வண்டிகள் பெரும்பாலும் புறப்படுவது எழும்பூரில். பெட்டிகளைச் சென்ட்ரலில் வைத்துவிட்டு எழும்பூரில் நின்று தேடினால் கிடைக்குமா?

எந்த நிலையத்தில் நிற்கிறோம் என்று அறிய மூன்று ஆணைகள் போதும். "பைதான் -சி" என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் "இம்போர்ட் சிஸ்; பிரிண்ட்(சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்)" என்று எழுதுவது முதலாவது. இப்போது இயங்குவது எந்தப் பைதான், எந்தக் கோப்புறையில் உள்ளது என்பதை அது காட்டும். "பிப் --வெர்ஷன்" என்பது இரண்டாவது. பிப் எங்கே இருக்கிறது என்பதையும், எந்தப் பைதானுக்கு உரியது என்பதையும் அது அடைப்புக்குறிக்குள் கூறும். "பைதான் -எம் பிப் ஷோ ஜாங்கோ" என்பது மூன்றாவது. இந்தப் பைதானிடத்தில் ஜாங்கோ உண்டா, இல்லையா என்பதற்கு நேரான விடை அதில் கிடைக்கும்.

மேற்கூறிய மாணவனைத் தொலைபேசியிலேயே இம்மூன்றையும் தட்டச்சு செய்து படிக்கச் சொன்னேன். முதல் ஆணை 3.13 பதிப்பைக் காட்டியது, இரண்டாவது 3.11 என்றது. சரக்கு சென்ட்ரலில், பயணி எழும்பூரில். "பைதான் -எம் பிப் இன்ஸ்டால் ஜாங்கோ" என்று இடச் சொன்னேன். வெறும் "பிப் இன்ஸ்டால்" என்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த "-எம்" என்பதில் இருக்கிறது. "இந்தப் பைதானுக்கு உரிய பிப்பையே இயக்குக" என்பது அதன் பொருள். சில நிமிடங்களில் தடை நீங்கிற்று. எதுவும் அழியவில்லை. மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே எழவில்லை, பிறகு "இவ்வளவுதானா, சார்?" என்றான். இவ்வளவுதான். ஆயினும் மூன்று இரவுகளில் ஒருவரும் அவனுக்கு இதைச் சொல்லவில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

நிற்க. இக்குழப்பம் மீண்டும் நேராதிருக்கச் சிறந்த வழி, ஒவ்வொரு செயல்திட்டத்துக்கும் தனிச் சூழல் ஒன்று அமைத்துக்கொள்வது. 2012-இல் வெளியான பைதான் 3.3 முதல், "வென்வ்" என்னும் கருவி இதற்காகவே மொழியுடன் சேர்ந்து வருகிறது. செயல்திட்டக் கோப்புறைக்குள் சென்று "பைதான் -எம் வென்வ் சூழல்" என்று இட்டால், "சூழல்" என்ற பெயரில் தனிக்குடித்தனம் ஒன்று அமையும். (அப்பெயரையும் ஆங்கில எழுத்தில் இடுக.) அதனை விழிக்கச் செய்ய, விண்டோஸில் "சூழல்\ஸ்கிரிப்ட்ஸ்\ஆக்டிவேட்" என்றும், லினக்ஸில் "சோர்ஸ் சூழல்/பின்/ஆக்டிவேட்" என்றும் இட வேண்டும். வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "சூழல்" என்ற பெயர் தோன்றினால் விழித்துவிட்டது என்று கொள்க. அதன்பின் ஜாங்கோவை நிறுவுக.

இங்குப் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. இந்த விழிப்பு அந்த ஒரு சாளரத்துக்கு மட்டுமே உரியது. இரவு கணினியை அணைத்துவிட்டுக் காலையில் புதிய சாளரம் திறந்தால், சூழல் மீண்டும் உறங்கிக் கிடக்கும். "நேற்று ஓடியது இன்று ஓடவில்லை" என்னும் புலம்பல் அப்போதுதான் எழுகிறது. ஜாங்கோவின் "மேனேஜ்.பை" கோப்பை இயக்கும்போது, ஜாங்கோ கிடைக்காவிடில், தனிச்சூழலை விழிக்கச் செய்ய மறந்தீர்களா என்று அதுவே கேட்கிறது. அக்கேள்வியைப் படிப்பவர் சிலரே. விண்டோஸில் பவர்ஷெல் என்னும் நீலச் சாளரத்தில், ஸ்கிரிப்டுகளை இயக்க அனுமதி இல்லை என்று தடுக்கப்படுவோர், பாதுகாப்பு அமைப்புகளில் கை வைக்காமல், பழைய கறுப்புச் சாளரமாகிய "கமாண்ட் பிராம்ப்ட்"டில் அதே ஆணையை இடலாம்.

விடுதியில் தங்கிப் பயிலும் மாணவர்கள், சூழல் கோப்புறையையும் சேர்த்துப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்து, வீட்டுக் கணினியில் ஓடவில்லை என்கின்றனர். அது ஓடாது. தான் பிறந்த இடத்தின் முழு முகவரியைச் சூழல் தன்னுள் எழுதி வைத்துள்ளது. ஆகலின் இடம் மாற்றினால் பயன்படாது. எடுத்துச் செல்ல வேண்டியது பட்டியலை மட்டுமே. "பைதான் -எம் பிப் ஃபிரீஸ் > ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி" என்று இட்டால், நிறுவியவை அனைத்தும் பதிப்பு எண்களுடன் ஒரு கோப்பில் எழுதப்படும். மறு கணினியில் புதிய சூழல் அமைத்து, "பைதான் -எம் பிப் இன்ஸ்டால் -ஆர் ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி" என்று இடுக. மாற்றலாகிச் செல்பவர் சுவரையும் கூரையுமா பெயர்த்துச் செல்கிறார்?

உபுண்டு வைத்திருப்போர்க்கு ஒரு சொல். 2023 முதல் டெபியனும் உபுண்டுவும், கணினிக்கே உரிய பைதானில் பிப் கொண்டு நேரடியாக நிறுவுவதைத் தடுத்துவிட்டன. "எக்ஸ்டெர்னலி மேனேஜ்ட்" என்று தொடங்கும் மறுப்பு வரும். அத்தடையை மீறவும் ஓர் ஆணைச்சொல் உண்டு. கணினியின் தொகுப்புகளைக் குலைத்தாலும் சரி என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். பெயரிலேயே எச்சரிக்கை எழுதியிருக்கும் புட்டியைத் திறப்பானேன்? தனிச்சூழல் அமைத்துக்கொண்டால் அந்தத் தடை வருவதே இல்லை.

அடுத்து, பெயர் மாறாட்டம். ஊரில் ஒருவருக்கு வீட்டில் ஒரு பெயரும் பள்ளிப் பதிவேட்டில் வேறொரு பெயரும் இருப்பதுபோல், சில தொகுப்புகளுக்கு நிறுவும் பெயர் வேறு, அழைக்கும் பெயர் வேறு. படங்களைக் கையாளும் தொகுப்பைப் "பில்லோ" என்று நிறுவி, "பில்" என்று அழைக்க வேண்டும். "ஜாங்கோரெஸ்ட்ஃபிரேம்வொர்க்" என்று நிறுவுவதை "ரெஸ்ட்_ஃபிரேம்வொர்க்" என்று அழைக்கிறோம். "ஜாங்கோ-கார்ஸ்-ஹெட்டர்ஸ்" என்பது உள்ளே வந்ததும் "கார்ஸ்ஹெட்டர்ஸ்" ஆகிவிடுகிறது. ஆகவே, பிழையில் கண்ட பெயரையே "பிப் இன்ஸ்டால்" என்பதன் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு எழுதுதல் தகாது. பயனற்றுப் போவதோடு அது நிற்பதில்லை. பிப் சரக்கு எடுக்கும் பொதுக் களஞ்சியத்தில் எவர் வேண்டுமானாலும் தொகுப்புகளை வைக்கலாம். புகழ்பெற்ற பெயர்களில் ஓரெழுத்தை மாற்றித் தீய நிரல்களை வைத்த கயவர்களும் உண்டு. அந்தந்தத் தொகுப்பின் சொந்த விளக்கப் பக்கத்தில் நிறுவும் பெயரைப் பார்த்து எழுதுவதே பாதுகாப்பு.

கடிதங்களில் நான் மிகவும் சுவைத்தது ஒரு கல்லூரி மாணவி எழுதியதாகும். "ஜாங்கோ.கான்ட்ரிப்.ஸ்டாட்டிக்ஃபைல்ஸ்நூலகம்" என்னும் மாட்யூல் இல்லையென்று வருகிறதாம். அப்படியொரு பெயரைத் தான் எங்குமே எழுதவில்லை என்று சாதிக்கிறார். உண்மைதான், அவர் எழுதவில்லை, பைதான் எழுதிற்று. "செட்டிங்ஸ்.பை" கோப்பில் செயலிகளின் பட்டியல் உண்டு. அதன் கடைசி வரியை அடுத்து அவர் "நூலகம்" என்ற தம் செயலியைச் சேர்த்தார். முந்தைய வரியின் ஈற்றில் காற்புள்ளி இடாமல் விட்டார். மேற்கோளுக்குள் இருக்கும் இரு சொற்கள் இடையில் காற்புள்ளியின்றி அடுத்தடுத்து நின்றால், பைதான் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடும். நிலைமொழியும் வருமொழியும் புணர்ந்துவிட்டன; அதுவும் இயல்புப் புணர்ச்சி! காற்புள்ளி ஒன்றை இட்டதும் இரண்டும் பிரிந்தன. பெயர் வழக்கத்துக்கு மாறாக நீண்டு காணப்பட்டால், உடனே பட்டியலின் காற்புள்ளிகளை எண்ணிப் பார்க்க.

தேடும் வரிசையில் நம் கோப்புறையே முதலில் நிற்கிறது என்று முன்னரே கூறினேன். இதனால் மற்றொரு விபரீதமும் நேரும். பயிற்சிக்காக எழுதிய கோப்புக்கு ஒருவர் "ஜாங்கோ.பை" என்றே பெயர் சூட்டிவிட்டார். பைதான் உண்மையான ஜாங்கோவைத் தேடிப் புறப்பட்டு, வாயிலிலேயே அப்பெயருடைய இதனைக் கண்டு இதுவே அது என்று கொண்டுவிட்டது. "ஜாங்கோ ஒரு பேக்கேஜ் அன்று" என்னும் விந்தையான பிழை அவருக்கு வந்தது அதனால்தான். புதிய செயல்திட்டத்துக்கு முன்பே உள்ள பெயரை இட்டால் ஜாங்கோ மறுத்துவிடும். ஆனால் நாமே கையால் உண்டாக்கும் கோப்புகளை அது தடுப்பதில்லை. கோப்பின் பெயரை மாற்றினால் தீரும்.

"நூலகம்.செட்டிங்ஸ் இல்லை" என்று வருவோர் கோப்புறைகளைக் கவனிக்க. ஜாங்கோ புதிய செயல்திட்டத்தைத் தொடங்கும்போது ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகளை, ஒன்றனுள் ஒன்றாக, உண்டாக்குகிறது. வெளியே இருப்பதில் "மேனேஜ்.பை"யும் உள்ளே இருப்பதில் "செட்டிங்ஸ்.பை"யும் இருக்கும். இது மிகையென்று எண்ணிச் சிலர் உட்கோப்புறையின் பெயரை மாற்றுகின்றனர். வேறு சிலர் கோப்புகளை வெளியே எடுத்துவிடுகின்றனர். அந்தப் பெயர் வேறு சில கோப்புகளிலும் எழுதப்பட்டிருப்பதால் எல்லாம் நின்றுவிடும். வெளிக்கோப்புறையின் பெயரை விரும்பியவாறு மாற்றலாம்; உள்ளிருப்பதை விட்டுவிடுக.

இதுவரை கூறியன யாவும் மாட்யூலே அகப்படாத நிலை. "இம்போர்ட் எரர்: கேனாட் இம்போர்ட் நேம்" என்று வருவது வேறு. வண்டி வந்துவிட்டது, நாம் பதிவு செய்த பெட்டி அதில் இணைக்கப்படவில்லை என்பது போன்றது அது. பெரும்பாலும் பழைய காணொளிகளையும் பழைய புத்தகங்களையும் பார்த்து எழுதுவதால் நேர்கிறது. "ஜாங்கோ.கான்ஃப்.யூஆர்எல்ஸ்" என்பதிலிருந்து "யூஆர்எல்" என்பதை வருவிக்கும் வரியை இன்றும் எத்தனையோ பாடங்களில் காணலாம், 2021 டிசம்பரில் வெளிவந்த ஜாங்கோ 4.0-இல் அது நீக்கப்பட்டுவிட்டது. "ஜாங்கோ.யூஆர்எல்ஸ்" என்பதிலிருந்து "பாத்" என்பதையோ "ரீ_பாத்" என்பதையோ எடுத்தாள வேண்டும். "யூகெட்டெக்ஸ்ட்_லேஸி"யும் அதே பதிப்பில் போயிற்று. முன்னால் உள்ள "யூ"வை நீக்கி எழுதினால் போதும். பைதானிலும் இவ்வாறு கழித்தல் உண்டு: 2023 அக்டோபரில் வந்த 3.12 பதிப்பில் "டிஸ்ட்யூட்டில்ஸ்" விடைபெற்றது. பாடம் எந்த ஆண்டில், எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று பார்க்காமல் அதைப் பின்பற்றுவது, பழைய கால அட்டவணையை வைத்துக்கொண்டு நிலையத்துக்கு வருவதை ஒக்கும். அத்தகையவர்களை நாள்தோறும் காண்கிறேன், வாதாடவும் செய்வார்கள்.

அப்பிழையிலேயே "பார்ஷியலி இனிஷியலைஸ்ட்" என்னும் சொற்கள் இருந்தால், நம் கோப்புகளுள் இரண்டு ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு நிற்கின்றன என்று பொருள். நூல்களின் கோப்பு உறுப்பினர் கோப்பை வருவிக்க, உறுப்பினர் கோப்பு நூல்களின் கோப்பை வருவிக்க, எதுவும் முழுமை பெறுவதில்லை. தரவு மாதிரிகளில் தொடர்பு காட்டும் இடத்தில், மாட்யூலை வருவிக்காமல், செயலியின் பெயரையும் மாதிரியின் பெயரையும் புள்ளியிட்டு மேற்கோளுக்குள் எழுதினால் ஜாங்கோ அதனைப் பின்னர்த் தானே பொருத்திக்கொள்ளும்.

இன்னும் ஒன்று. விஎஸ் கோட் தொகுப்பானில் "இம்போர்ட் ஜாங்கோ" என்பதன் கீழ் நெளிகோடு ஒன்று தோன்றுகிறது, ஆனால் செயல்திட்டம் ஓடுகிறது என்று இருவர் எழுதியுள்ளனர். ஓடுகிறதாயின் கவலை வேண்டா. தொகுப்பான் வேறொரு பைதானை நோக்கிக்கொண்டிருக்கிறது. "பைதான்: செலக்ட் இண்டர்பிரட்டர்" என்னும் தேர்வில் சூழலின் பைதானைச் சுட்டினால் கோடு மறையும்.

இத்துணை கூறிய பின்னும் தடை நீங்காதவர்கள் எழுதலாம். சங்க அலுவலகத்தில் ஞாயிறு மாலை நேரிலும் வரலாம். எழுதும்போது "ஓடவில்லை" என்று மட்டும் எழுதாமல், பிழையறிக்கையின் கடைசி மூன்று வரிகள், மேலே கூறிய மூன்று ஆணைகளுக்கும் கிடைத்த விடைகள், விண்டோஸா லினக்ஸா என்பது ஆகியவற்றை அப்படியே பார்த்தெழுதி அனுப்புக. திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புவோர், கடைசி வரி படத்துக்குள் வந்துள்ளதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பினால் பேருதவியாக இருக்கும். அடுத்த இதழில் நூல்களின் பெயரும் ஆசிரியர் பெயரும் தமிழிலேயே பதிவாகும்படி தரவுத்தளத்தை அமைப்பது குறித்து எழுதுவேன்.